நான்காவது உடல்

நாடகத்தில் ஈடித் வேடம் யோகமலர் விரும்பிக் கேட்டதல்ல. வீட்டில் தொலைபேசியைப் பார்த்தபடி இருப்பதைவிட இது மேல் என்றுதான் ஒப்புக்கொண்டாள். தம்பி பேனாட் வன்னியில் யுத்தத்துக்குள் மனைவி எமில்டாவோடும் பிள்ளைகளோடும் அகப்பட்டிருந்தான். சித்திரையோடு அவனுடைய குரல் நின்றுபோயிற்று.

நாடகத்தை எழுதியவன் செந்தில்நாதன். மதுரையிலிருந்து சரித்திரம் படிக்க ரொறன்ரோவுக்கு வந்தவன். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய இங்கிலாந்துக் கதை அது. அரசன் எட்வேர்ட் பிள்ளையில்லாமல் சாகிறான். மைத்துனன் ஹரால்ட் முடிசூடிக்கொள்கிறான். அந்த முடியை எட்வேர்ட் தனக்கென்று வாக்குக் கொடுத்திருந்தான் என்று சொல்லி, வில்லியம் கடல் தாண்டிப் படையோடு வருகிறான். ஒரு பகல் சண்டையில் ஹரால்ட் விழுகிறான். சிதைந்து கிடக்கும் உடல்களில் அரசனுடையது எது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவனோடு வாழ்ந்த ஈடித்தை அழைத்து வருகிறார்கள். அவள் மட்டுமே அறிந்த ஓர் அடையாளம் அவன் உடம்பில் இருக்கிறது.

அந்தக் காட்சிக்குத்தான் அன்று ஒத்திகை. 2009 மே மாதத்து மூன்றாம் சனி, இரவு எட்டு மணி கழிந்திருக்கும். ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் ஒரு தேவாலயத்தின் பேஸ்மென்ற், நிலத்தடி மண்டபம். சீமெந்துத் தரையில் ஆறு பேர் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தார்கள். ஹரால்டாக நடித்த ஹுஸைன் கடைசி ஆள். யோகமலர் பச்சை நீள அங்கி அணிந்து, ஒவ்வொருவர் காலடியிலும் துணியை விலக்கிப் பார்த்துக்கொண்டு போனாள்.

நான்காவது துணி கையில் ஈரமாகப் பட்டது. விலக்கினாள். வலது காலில் சின்னவிரல் இல்லை. தம்பிக்கு ஏழு வயதில் சைக்கிள் சங்கிலிக்குள் போன விரல். குதிக்காலில் ஈர மணல் ஒட்டியிருந்தது.

"இவன்தான்," என்றாள். நாடகத்தில் 'இவர்தான்' என்றே எழுதியிருந்தது.

"அக்கா, அங்க யாருமே இல்லியே!" என்றான் செந்தில்நாதன்.

ஹுஸைன் சுவரோரத்தில் எழுந்து உட்கார்ந்தான். "நான் இஞ்சயெல்லே கிடக்கிறன், அன்ரி."

அவளுடைய கையில் துணி இல்லை. மூன்றாவது ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவே வெறுந்தரை. அதில் ஓர் ஆள் நீளத்துக்கு ஈரம் படிந்திருந்தது. ஹுஸைன் குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தான்.

"உப்புத் தண்ணி," என்றான், மெல்ல. அதற்குப் பிறகு அன்று ஒருவரும் தரையில் படுக்கவில்லை.

இரண்டு நாளில் யுத்தம் முடிந்துவிட்டதென்று செய்தி வந்தது. யோகமலர் தான் கண்டதை வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் தம்பி செத்தது நிச்சயமாகிவிடும் என்று பயந்தாள்.

ஆடியில் ஒரு காலை எமில்டா அழைத்தாள். வவுனியா முகாமில் யாரோ இரவல் கொடுத்த தொலைபேசி.

"மச்சாள், அவரைக் கடைசியாக் கண்டது வெள்ளிக்கிழமை. ஞாயிறு விடியக்குள்ள ஆமிக்காரர் எங்களைக் கடலேரிக் கரையால கலைச்சுக்கொண்டு போனாங்கள். கரை முழுக்க ஆக்கள் கிடந்தவை. நிண்டு பாக்க விடேல்லை." அவள் மூச்சு வாங்கினாள். "அதுக்குள்ள ஒரு மனுசி மட்டும் குனிஞ்சு குனிஞ்சு துணியளை விலக்கிப் பாத்துக்கொண்டு போனா. பச்சையா நீளச் சட்டை. நடை அப்பிடியே உங்கட நடை. எனக்கு விசர் பிடிச்சிட்டுதெண்டு நினைச்சன்."

இங்கே சனி இரவானால் அங்கே ஞாயிறு விடியல். யோகமலர் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"அந்த மனுசி எங்கயாவது நிண்டவவோ?"

"ஓம். ஒருத்தருக்குப் பக்கத்தில முழங்காலில இருந்து என்னவோ சொன்னா. எனக்குக் கேக்கேல்லை. மச்சாள், இஞ்ச சனம் ஒவ்வொரு கதை சொல்லுது. அவரைப் பிடிச்சு வைச்சிருக்கிறாங்கள் எண்டுகினம். பிள்ளையள் ஒவ்வொரு நாளும் வாசலில போய் நிக்குதுகள். நான் என்னத்தைச் சொல்ல?"

கரையில் கிடந்தது அவன் இல்லை என்று ஒரு பொய் சொன்னால் போதும், அந்தப் பிள்ளைகள் இன்னும் சில வருடம் தகப்பனோடு இருக்கும். யோகமலர் அதை நினைத்துத்தான் பார்த்தாள். வாய் வரவில்லை.

"பேனாட்தான், எமில்டா. நான் காலைப் பாத்தனான்."

அழுகை கேட்கும் என்று காத்திருந்தாள். முகாமின் இரைச்சல்தான் வந்தது. யாரோ தண்ணீர் பவுசர் லொறி வந்துவிட்டதென்று கத்தினார்கள்.

"அப்ப இண்டைக்கே பிள்ளையளுக்குச் சொல்லிவிடுறன்," என்றாள் எமில்டா. "நீங்கள் அங்க கோயிலில அவற்ர ஆத்துமாவுக்குப் பூசைக்குக் குடுங்கோ, மச்சாள்."