பச்சைமுத்து சொன்ன பாதிப் படம்

ஜீவனஹள்ளி வீட்டின் முன்னறையில் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் இருந்தவர்கள்: சவரிமுத்து, தங்கவயல் சுரங்கத்தில் இருபத்தேழு வருஷம் கல் உடைத்தவர், நர்ஸ் வேலை பார்க்கும் அவருடைய மகள் செண்பகம், சவரிமுத்துவின் பழைய கூட்டாளி பச்சைமுத்து, மாட்டுக்கறி வறுவலுக்காக ஜோகுபாளையத்திலிருந்து வந்தவர். டிவியையும் சேர்த்துக்கொள்ளலாம். அன்று வாயை மூடியிருக்க வேண்டியது அதுதான்.

சாப்பிட்டு முடித்துச் செண்பகம் சேனல் மாற்றிக்கொண்டிருந்தாள். கன்னடச் செய்தி, நகைக்கடை விளம்பரம், ஒரு சாமியார், கபடி. அடுத்ததில், வெளுத்துப்போன நிறத்தில், ஒரு பெண் பூக்கூடையோடு ரயில்வே கேட்டைத் தாண்டினாள்.

"நிறுத்து, நிறுத்து!" சவரிமுத்து நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "டேய் பச்சை, நம்ம படம்டா! செண்பகம்டா அது!"

பச்சைமுத்து திரையை விட்டு ரிமோட்டைப் பார்த்தார்.

அந்தக் காலத்தில் இருவருக்கும் சேர்த்து ஒரு டிக்கெட்டுதான். சவரிமுத்துவுக்குப் பாட்டு பிடிக்கும், பச்சைமுத்துவுக்குச் சண்டை. அதனால் இடைவேளை வரை சவரிமுத்து, அதற்குப் பிறகு பச்சைமுத்து. இடைவேளையில் வெளியே வருகிறவருக்குக் கொடுக்கும் அவுட் பாஸ் கொட்டகை வாசலில் கை மாறும். மறுநாள் சுரங்கத்துக்குள் சாப்பாட்டு நேரத்தில் அவரவர் பார்த்த பாதியை அடுத்தவருக்குச் சொல்வார்கள். பன்னிரண்டு வருஷம் இப்படித்தான் படம் பார்த்தார்கள்.

இந்தப் படம் வந்தபோது சவரிமுத்துவின் மனைவிக்கு நிறைமாதம். பாஸைக் கொடுக்கும்போதே, "பொண்ணு பொறந்தா செண்பகம்தான் பேரு" என்று சொல்லிவிட்டுப் போனார். பச்சைமுத்து உள்ளே போய் உட்கார்ந்தார். கைவிட்டுப் போன புருஷன் திரும்பி வருகிறான். கதாநாயகி செண்பகம் அவன் காலில் விழுகிறாள், இருமுகிறாள், அவன் மடியிலேயே செத்துப்போகிறாள். இதை மறுநாள் சவரிமுத்துவிடம் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. செண்பகம் நர்ஸுக்குப் படித்தாள், திரும்பி வந்தவன் மூஞ்சியிலேயே கதவைச் சாத்தினாள் என்று சொல்லிவிட்டார்.

சொன்னதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பிறந்த மகளுக்குப் பாதிரியார் ஹெலன் என்று பெயர் வைத்து ஞானஸ்நானம் கொடுத்தும் வீட்டில் அவள் செண்பகம்தான். நர்ஸுக்குத்தான் படிக்க வைத்தார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால், இன்னொருத்தியோடு இருந்துவிட்டு அவள் புருஷன் நரேஷ் பெட்டியோடு வாசலில் வந்து நின்றபோது, சவரிமுத்து மகளிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "படத்துல செண்பகம் இன்னா செஞ்சா?" அவள் கதவைச் சாத்தினாள்.

அந்தக் கதவுக்கு எதிரில்தான் இப்போது பச்சைமுத்து உட்கார்ந்திருந்தார். படம் முடிவதற்குள் கரண்ட் போக வேண்டும். அவருக்கு வேறு ஆசையே இல்லை.

"பாட்டு முடிஞ்சிடுச்சில்ல, கபடி வைம்மா."

"சும்னே குந்துங்க மாமா. பொறந்ததுலேர்ந்து காதால கேட்ட படம், இன்னிக்கிதான் பாக்கறேன்."

விளம்பரம் வந்தது. செண்பகம் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் அவர் ரிமோட்டை எடுத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். அவள் திரும்பி வந்து சுற்றுமுற்றும் தேடினாள்.

"எழுந்திரிங்க மாமா. இன்னா, அடைகாக்கறீங்களா?"

திரையில் இடைவேளை என்று விழுந்ததும் சவரிமுத்து பழக்கதோஷத்தில் எழுந்து வாசலைப் பார்த்து நடந்தார். பச்சைமுத்துவுக்கு உயிர் வந்தது. "வாடா, போய் டீ குடிக்கலாம்."

"போடா. இன்னிக்கு உன் பாதியையும் நான்தான் பாக்கப்போறேன்." திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்.

கரண்ட் போகவில்லை. புருஷன் வந்தான். செண்பகம் காலில் விழுந்தாள், இருமினாள், செத்தாள்.

சவரிமுத்து திரையைக் கைகாட்டினார். "கதவு எங்கடா? டிவிக்காரன் வெட்டிட்டானா?"

"வெட்டல."

"அப்போ கதவ சாத்துனது யாரு?"

"நான்தான்டா."

சவரிமுத்து அவரைத் திட்டவில்லை. மகள் பக்கம் திரும்பினார். "இவன் பேச்ச நம்பித்தானேம்மா நான் உன்கிட்ட..."

செண்பகம் டிவியை அணைத்தாள். "அப்பா, நீங்க வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே என் கை கதவு மேலதான் இருந்துச்சு. கல்யாணத்தப்ப நான் எடுத்துக் குடுத்த சட்டையையே போட்டுக்கினு வந்து நிக்கறான், மனசு எளகும்னு. அதுக்குத்தான் சாத்தினேன். படத்துக்கு இல்ல."

பச்சைமுத்து மெதுவாக எழுந்து செருப்பைத் தேடினார்.

"நில்றா," என்றார் சவரிமுத்து. "படத்துல அவ நர்ஸுக்குப் படிச்சது?"

"அதுவும் நான்தான்."

"கலெக்டருக்கு ஊசி போட்டாளே?"

"அதுவும்."

சவரிமுத்துவின் முகம் மாறியது. "அப்போ மத்த படமெல்லாம்?"

பச்சைமுத்து குனிந்து செருப்பை மாட்டினார்.

"எத்தினி படம்டா?"

"கொஞ்சம்தான். ரொம்ப மோசமா முடிஞ்சது மட்டும்."

"பன்னண்டு வருசம்டா பாவி!"

"ரெண்டு பேரும் வெளிய போய்க் கத்துங்க," என்றாள் செண்பகம். "ஆறு மணிக்கு எனக்கு டியூட்டி, கொஞ்சம் படுக்கணும். சாவி எடுத்துக்குங்கப்பா." இருவரையும் முதுகில் கைவைத்து வெளியே தள்ளினாள்.

படிக்கட்டில் சவரிமுத்து வழக்கம்போல முட்டிவலிக்காகப் பச்சைமுத்துவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த லாரி டிரைவர் படம். காணாமப் போன தம்பி கடைசில கெடச்சான்னு சொன்னியே. கெடச்சானா?"

பச்சைமுத்து அடுத்த படிக்கு இறங்கினார்.

"உண்மைய சொல்லு. நான் தாங்கிக்குவேன்."

அவர்களுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டு, பூட்டு விழுந்தது.