மின்னோணான் மஞ்சள்

மின்னோணான் என்பது வாலில் மின்சாரம் பாயும் மஞ்சள் ஓணான். கடவுள் படைத்ததல்ல, பிள்ளைகள் சேர்த்து விளையாடும் அட்டைக்காக யாரோ வரைந்தது. அந்தப் படம் போட்ட பனியனுக்கு ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுப் பையர், துணியின் நிறம் இப்படித்தான் வேண்டும் என்று புத்தம்புது அட்டை ஒன்றையும் அனுப்பியிருந்தார். சாயமேறி வந்த துணியைக் காலையில் பார்த்த பையரின் ஆளோ, "காமாலைக்காரன் வேட்டியாட்ட இருக்குதுங்க" என்று சொல்லி, காப்பியைக்கூடத் தொடாமல் போய்விட்டார்.

"டையிங் மாஸ்டரை நிறுத்திருங்க மாமா. அந்தோணிராஜுக்குக் கண்ணு போயிருச்சு. ஆளை மாத்திட்டோம்னா பையர் அடங்கிருவான்" என்றான் அருள்குமார், முட்டை பப்ஸைக் கடித்தபடி. பனியன் கம்பெனி முதலாளி சென்னியப்பனின் மனைவிக்கு அவன் தம்பி. பையரோடு பேசுவது அவன் வேலை. நாற்பதை நெருங்கும் வயதில் ஓணான் அட்டை சேர்ப்பது அவன் தவம்.

யோசனை சென்னியப்பனுக்கு இனிக்கத்தான் செய்தது. மாஸ்டரை மாற்றினால் ஆர்டர் தப்பும். மச்சினனைக் கேள்வி கேட்டால் வீட்டில் சோறு தப்பும்.

சாயம் போடும் மாஸ்டர், தூத்துக்குடிக்காரரான அந்தோணிராஜ் வந்து, துணியையும் அட்டையையும் மேசையில் வைத்தார்.

"இந்த அட்டைக்குத்தான நெறம் எடுக்கச் சொன்னிய மொதலாளி? வெளிச்சத்துல வச்சுப் பாருங்க. துளி மாறியிருந்தா இன்னைக்கே ஊருக்குப் போறேன்."

துளியும் மாறவில்லை. சென்னியப்பன் அட்டையை எடுத்தார். அது விரலை விடமாட்டேன் என்றது. ஓணானின் முதுகில் எண்ணெய் ஊறியிருந்தது, விளிம்பெல்லாம் அழுக்கு. மூக்கருகே கொண்டுபோனார். தேங்காய் எண்ணெய், அக்குள் வியர்வை, நேற்றைய முட்டை. காரில் தினமும் பக்கத்து சீட்டிலிருந்து வருகிற அதே வாடை. அட்டையை நுனிவிரலால் மேசையில் போட்டார்.

"மாப்ள, பையர் அனுப்புன அட்டை எங்க?"

"அது லேசுல கிடைக்காதுங்க மாமா. எல்லா ஓணானும் ஒண்ணுதானேன்னு என்கிட்ட இருந்த பழசை மாஸ்டர்கிட்டக் குடுத்தேன்."

"இதை எங்க வெச்சிருந்தே?"

"பனியனுக்குள்ளதானுங்க. பத்திரமா இருக்கட்டும்னு."

ஒரு லாரித் துணி இவன் நெஞ்சு வியர்வையின் நிறத்தில் நிற்கிறது. அதைப் பச்சைப் பிள்ளைகள் போட்டுக்கொள்ள வேண்டுமாம். அந்த அழுக்காவது சோப்புக்குப் போகும். திருடியதை மறைக்க ஒரு மனிதனின் பிழைப்பில் மண்ணைப் போடச் சொன்னானே, அதுவும் வாயில் பப்ஸை வைத்துக்கொண்டு. அதற்குத் தலையாட்டத் தன் கழுத்தும் தயாராக இருந்ததே என்பதில் சென்னியப்பனுக்கு இன்னும் குமட்டியது.

"எடு அதை."

அருள்குமார் பையிலிருந்து எடுத்த புது அட்டை கண்ணாடி உறைக்குள் எலுமிச்சம்பழமாய்ப் பளிச்சென்றது.

அந்தோணிராஜ் பார்த்துவிட்டுச் சொன்னார். "கெட்ட துணியக் கறுப்பாக்கிரலாம் மொதலாளி. ஆனா இதுல ஒரு துண்டு வெட்டி சாம்பிளோட ஒட்டிக்கிடுதேன். மறுபடி மாறிரக் கூடாதுல்லா."

"வெட்டுனா செல்லாதுங்க மாமா" என்று அருள்குமார் எழுந்து கையை நீட்டினான்.

சென்னியப்பன் கத்தரியை எடுத்து ஓணானை இரண்டாக்கினார். தலைப்பக்கத்தை அந்தோணிராஜிடம் கொடுத்தார். "போய் வேலையப் பாருங்க மாஸ்டர். ஊருக்குப் போறது நீங்க இல்லீங்க."

பிறகு மச்சினனைப் பார்த்தார். "ஆபீஸ் சாவிய மேசை மேல வெச்சுட்டுப் போங்க மாப்ள. கையில குடுக்க வேண்டாம்."