நடேஷின் இடம்

நடேஷுக்குக் கருமாதி முடிந்த மறுவாரம், ஆபீஸ் சாட்டில் அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது.

கம்ப்யூட்டரைத் திறந்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அந்தப் புள்ளி எரியும். சுவேதா கடலூரில், மஞ்சக்குப்பத்து வீட்டின் மாடியறையிலிருந்து எட்டுப் பேர் கொண்ட டீமை நடத்தி வந்தாள். எட்டுப் பேரும் வெவ்வேறு ஊர்களில் இருந்தார்கள். நடேஷ் சிதம்பரத்தில் இருந்தான். ஐப்பசியில் ஒரு நாள் மார் வலிக்கிறது என்று நாற்காலியிலிருந்து எழுந்தவன் மறுபடி அதில் உட்காரவில்லை.

காலை மீட்டிங் நடந்துகொண்டிருக்கும்போதே ஜெயராணி அவளுக்குத் தனியாக எழுதினாள்.

"அக்கா, நடேஷ் அண்ணன் பேர்ல பச்ச எரியுது. பாத்தீங்களா?"

"சிஸ்டம் தப்பா காட்டுது. மீட்டிங்க கவனி."

"எனக்குப் பயமா இருக்குக்கா."

சுவேதாவுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. நடேஷின் மனைவி சிவகாமுதான் லேப்டாப்பைத் திறந்திருப்பாள் என்று தெரிந்தது. போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால், அந்தப் பெயர் இன்னும் ஏன் பட்டியலில் இருக்கிறது என்று சிவகாமு திருப்பிக் கேட்பாள்.

குடும்பத்துக்குச் செய்ய வேண்டியதைக் கம்பெனி செய்துவிட்டது. ஆனால் டீம் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பது மேலாளரின் வேலை. சுவேதா எடுக்கப்போனபோது, சென்னையில் இருந்த அவளுடைய மேலதிகாரி அருள்முருகன் தடுத்தார்.

"எடுத்தீங்கன்னா சீட்டு போயிடும் சுவேதா. வருஷக் கடைசில காலியான சீட்ட எவனும் திருப்பித் தர மாட்டான், சித்தார்த் டீமுக்குத் தூக்கிக் குடுத்துடுவாங்க. லாங் லீவுன்னு போட்டு வைங்க. வருஷம் பொறக்கட்டும், பாத்துக்கலாம்."

பெரிய கம்பெனி. எந்த நாட்டில் எத்தனை பேர் என்பது மேலே இருப்பவர்களுக்கே சட்டென்று சொல்ல வராது. அவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை திரையில் தோன்றி, வெட்டிவிடாத செடி நன்றாகக் காய்க்காது என்பார்கள். போட்டிக் கம்பெனிகளைவிட ஒரு மூச்சு முன்னால் ஓடுவதற்கு அவர்கள் கண்டுபிடித்திருந்த வழி அது. மார்கழி வந்தால் ஒவ்வொரு டீமிலும் ஆட்களை முதல், நடு, கடைசி என்று கட்டங்களில் அடைக்க வேண்டும். கடைசிக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. எல்லோரும் நன்றாக வேலை செய்த டீமிலும் ஒருவர் அதில் உட்கார்ந்தாக வேண்டும். உட்கார்ந்தவர் பங்குனிக்குள் வெளியே போயிருப்பார்.

பல வருஷங்களாக இதைச் செய்து செய்து சுவேதாவுக்குள்ளேயும் கட்டங்கள் விழுந்துவிட்டன. பஸ்ஸில் ஏறினால் எதிரே இருப்பவர்களில் கடைசி யார் என்று மனம் தேடும். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர்களில் யார் என்று பார்க்கும். ஒருமுறை, தன் இரண்டு பிள்ளைகளும் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், எண்ணம் போகிற திசை தெரிந்து சட்டென்று விளக்கை அணைத்துவிட்டாள்.

இந்த வருஷம் கணக்கு ஜெயராணியைக் காட்டியது. திட்டக்குடிப் பக்கம், அவள் குடும்பத்தில் முதலில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவள். பிரசவம் முடிந்து ஆடியில்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். செய்த வேலை பாதி வருஷத்து வேலை. அவள் சம்பளத்தில்தான் அந்த வீடு நடந்தது என்பதற்குக் கணக்கில் இடமில்லை.

கட்டம் போடும் கூட்டத்தில் அருள்முருகனும் சித்தார்த்தும் மற்ற மேலாளர்களும் திரையில் இருந்தார்கள்.

"உங்க டீம்ல யாரு சுவேதா?"

"ஜெயராணி பேருதான் வருது. ஆனா சார், அந்தப் பொண்ணு பாதி வருஷம் லீவுல இருந்துச்சு."

"லீவு எல்லாருந்தான் போடுறாங்க," என்றான் சித்தார்த். "என் டீம்ல ஒருத்தன் கல்யாணத்துக்கு ஒரு மாசம் போயிட்டு வந்தான்."

"புள்ள பெத்துட்டு வந்து பேசுங்க சித்தார்த். எது லீவுன்னு தெரியும்."

ஒருவர் சிரித்தார். அருள்முருகன் பட்டியலை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் நிறுத்தினார்.

"நடேஷ் இன்னும் லிஸ்ட்லதான இருக்காரு?"

பட்டியலிலிருந்து கண்ணை எடுக்காமல் அவரே தொடர்ந்தார்.

"அவரப் போட்டுடுங்க. யாருக்கும் நஷ்டமில்ல. அவரு ஒன்னும் வந்து சண்ட போடப் போறதில்ல."

எல்லா முகங்களும் ஒரே நேரத்தில் இளகின. சுவேதாவும் மூச்சு விட்டாள். அந்த மூச்சைத்தான் பின்னால் அவளால் மறக்க முடியவில்லை.

கடைசிக் கட்டத்தில் ஒருவரைப் போட்டால் காரணம் எழுத வேண்டும். காலியாக விட்டால் பக்கம் நகராது. நடேஷிடம் குறை தேடி சுவேதா ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். போன வருஷம் அவளே எழுதியது மேலே இருந்தது: 'எந்தச் செய்திக்கும் உடனே பதில் தருபவர்.' கடைசியில் பொய்யில்லாத ஒரு வரி கிடைத்தது. 'ஆண்டின் கடைசிப் பகுதியில் எந்தச் செய்திக்கும் பதில் இல்லை.' எழுதி அனுப்பிவிட்டுக் கீழே போய் முகம் கழுவினாள்.

ஒன்றை எல்லோரும் மறந்திருந்தார்கள். யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர் அதைப் படித்துவிட்டு 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை அமுக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து அது நினைவுக்கு வந்து, என்ன செய்வது என்று பக்கத்தைத் திறந்தாள்.

'நடேஷ் ஒப்புக்கொண்டார்' என்று இருந்தது.

சனிக்கிழமை சிதம்பரம் போனாள். லேப்டாப்பைத் திரும்ப வாங்குவது என்று வீட்டில் ஒரு காரணம் சொன்னாள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டும்வரை அதையே தனக்கும் சொல்லிக்கொண்டாள். வெள்ளாற்றுப் பாலத்துக்கு மேல் அந்தக் காரணம் நிற்கவில்லை.

ஆருத்ரா தரிசனத்துக்கு ஊரே நிரம்பியிருந்தது. மேல வீதியில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, பக்கத்துச் சந்தில் இருந்த வீட்டைக் கண்டுபிடித்தாள். சிவகாமு கதவைத் திறந்து உள்ளே அழைத்துப்போனாள். ஜன்னலோரம் நடேஷின் மேஜை. லேப்டாப் திறந்திருந்தது. நாற்காலியின் முதுகில் அவன் துண்டு மடித்துப் போட்டிருந்தது. சிவகாமு அதில் உட்காராமல் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இத வாங்கிட்டுப் போகத்தான் வந்தீங்களா மேடம்?"

"இல்ல. அதுவுந்தான்."

"பாஸ்வேர்ட் மாத்தச் சொல்லும்போதெல்லாம் என்னைத்தான் கேப்பாரு, ஒரு வார்த்த சொல்லுன்னு. ஒருதரம் வெண்டக்காய்னேன். அதையே வச்சுக்கிட்டாரு." லேசாகச் சிரித்தாள். "போன மாசமும் மாத்தச் சொல்லிச்சு. நானே ஒன்னு வச்சேன்."

"தெனமும் எதுக்குத் தொறக்குறீங்க சிவகாமு?"

"காலையில நீங்கள்லாம் குட்மார்னிங் போடுறீங்கள்ல, அவருக்கும் சேத்துத்தான் வருது. இந்த வூட்ல அவருக்குன்னு வர்ற சத்தம் அது ஒன்னுதான்."

காபி ஆறிக்கொண்டிருந்தது. சுவேதா டம்ளரைத் தொடவில்லை.

"நீங்க எழுதினதையும் படிச்சேன்," என்றாள் சிவகாமு. "அமுக்கு அமுக்குன்னு செவப்பா வந்துகிட்டே இருந்திச்சு. அவரு எதையும் தள்ளிப்போட மாட்டாரு. தள்ளிப்போட்டா சுவேதாவுக்குத்தான் தொந்தரவும்பாரு. அதான் அமுக்கிட்டேன்."

"சிவகாமு, அது வந்து..."

"பதிலே இல்லன்னு எழுதியிருந்தீங்க. தப்பில்ல மேடம். எனக்குந்தான் வரல."

வெளியே மேளச் சத்தம் நெருங்கி வந்து, விலகிப் போனது.

"மார்கழி வந்தாலே சோறு எறங்காது அவருக்கு. தேர் பாக்கலாம் வாங்கன்னா வர மாட்டாரு. இந்த வருசம் நான்தானோ, நான்தானோன்னு என்னையே கேப்பாரு. எனக்கு என்ன தெரியும். இல்லீங்க, நீங்க இல்லன்னு சொல்வேன்."

நடேஷுக்கு அந்தப் பயம் இருந்தது சுவேதாவுக்குத் தெரியாது. ஒவ்வொரு வருஷமும் முதல் கட்டத்தில் இருந்தவன் அவன். முதல் கட்டத்தில் இருப்பவர்களைப் பற்றி அவள் யோசித்ததே இல்லை.

"திங்கக்கிழம வரைக்கும் டைம் இருக்கு," என்றாள். "மாத்திடுறேன்."

"மாத்தினா அந்த எடத்துக்கு யாரு?"

சுவேதா தயங்கினாள். "ஜெயராணி."

"கைக்கொழந்தயத் தூக்கிகிட்டு சாவுக்கு வந்திச்சே, அந்தப் பொண்ணா?"

"ஆமா."

சிவகாமு துண்டு போட்ட நாற்காலியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் இப்போது கட்டம் போடுகிறாள் என்று சுவேதாவுக்குப் பட்டது. தான் சுமந்து வந்ததை இந்த வீட்டில் இறக்கி வைத்துவிட்டோம் என்றும் பட்டது.

"மாத்த வேணாம்," என்றாள் சிவகாமு. "அந்தப் பொண்ணுக்கு இந்த வருசத்துக் கணக்கு முடியிற வரைக்கும் அவரு பேரே இருக்கட்டும். அப்பறம் அவர வுட்ருங்க மேடம். திருப்பி அங்க உக்கார வைக்காதீங்க. அது வரைக்கும் பொட்டியும் இங்கயே இருக்கட்டும்."

தை பிறந்து மதிப்பீடு முடிந்தது. ஜெயராணியின் பெயர் நடுக்கட்டத்தில் நின்றது. "இந்த வருசம் நாந்தான்னு நெனச்சுட்டு இருந்தேங்கா," என்று எழுதியிருந்தாள். சுவேதா சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பினாள்.

அன்றே அருள்முருகன் கூப்பிட்டார். குரலில் உற்சாகம்.

"நடேஷ் பேர இப்ப எடுக்காதீங்க. லாங் லீவுல இருக்கறவர வெளிய அனுப்ப மாட்டாங்க, அடுத்த வருஷத்துக்கும் ஆகும். சித்தார்த் வேற கேக்குறான், அடுத்த கட்டம் போடும்போது அவன் டீமுக்கு மாத்திக் குடுக்க முடியுமான்னு."

"சார், அவரு செத்துட்டாரு."

"தெரியும் சுவேதா. அதான வசதி."

சுவேதா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"எடுத்தீங்கன்னா சீட்டு போச்சு. அடுத்த மார்கழிக்கு ஏழு பேருதான். அதுல ஒருத்தர நீங்கதான் சொல்லணும். யோசிச்சுக்குங்க."

போனை வைத்துவிட்டுப் பக்கத்தைத் திறந்தாள். பெயரை எடுக்கக் காரணம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விலகல், நீக்கம், மாற்றம், ஓய்வு. இறப்பு அந்த வரிசையிலும் கடைசியில்தான் இருந்தது.

தேர்ந்தெடுப்பதற்கு முன், நடேஷோடு பேசும் சாட்டைத் திறந்தாள். ஐப்பசியில் அவன் கடைசியாக எழுதியது அங்கே இருந்தது: 'சரி சுவேதா, காலைல முடிச்சிடறேன்.' பெயரருகில் பச்சைப் புள்ளி. கீழே அவள் எழுதினாள்: 'இப்ப எடுக்கப்போறேன்.'

'நடேஷ் எழுதிக்கொண்டிருக்கிறார்' என்று காட்டியது.

சிவகாமுதான். ஸ்டூலில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக்கொண்டிருப்பாள். தெரிந்தும் சுவேதா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். எழுதுவது நின்றது. மறுபடி எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. மறுபடி நின்றது. எந்தச் செய்தியும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் பச்சைப் புள்ளி அணைந்தது.

சுவேதா பொத்தானை அமுக்கினாள். பெயர் இருந்த இடத்தை மேலும் கீழும் இருந்த பெயர்கள் வந்து மூடிக்கொண்டன.

மறுநாள் காலை ஜெயராணிதான் முதலில் குட்மார்னிங் போட்டாள். பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக எரிந்தன. சுவேதா அவற்றைச் சும்மா பார்க்க வேண்டும் என்றுதான் பார்த்தாள். ஆனால் கண் அவளைக் கேட்காமலே பட்டியலின் அடிக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொரு பெயராக மேலே ஏறத் தொடங்கியிருந்தது.