எல்லாத் தீவும் கேட்ட புண்

கதவைத் தாழிட்டுவிட்டு மோகா, செத்துக் கிடந்த தாயின் மார்புக்கட்டை அவிழ்த்தாள். நாற்றம் அறையை நிறைத்தது. "இதை யாரும் பாக்கக்கூடாதுடி" என்று அம்மா தோகியா சாகும்முன் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

வெளியே ஃபீசா சித்தி கதவை இடித்தாள்.

"தொறடி. வலது மார்புதானே? புழு வெச்சதுதானே? கடல் தாண்டி டோங்காவுல இருக்கிறவளுக்கே தெரியும். கூடப்பொறந்தவ எங்கிட்ட என்ன ஒளிவுமறைவு?"

மோகா திறக்கவில்லை. தனியாகவே கழுவி, புதுக்கட்டுப் போட்டு, கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளை உடையை மாட்டினாள்.

தோகியா பெற்ற மகளிடம்கூடச் சொல்லாமல் அந்தப் புண்ணைத் துணிக்குள் பொத்தி வைத்திருந்தவள். தாங்க முடியாமல் டாக்டரிடம் மட்டும் காட்டினாள். அவர் பிஜித் தீவிலிருந்த பெரிய டாக்டரிடம் செயற்கைக்கோள் வழியாக யோசனை கேட்டார். அமெரிக்காக்காரன் சோதனைக்கு ஏவி, தன் வேலை முடிந்ததும் தீவுகளுக்கு இனாமாக விட்ட சாமான் அது. அதில் இருந்தது ஒரே பாதை. ஒருவர் பேசினால் அத்தனை தீவிலும் கேட்கும். அதே பாதையில் வரும் பாடத்தைக் கேட்க அங்கங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் சீழின் நிறம்வரை கேட்டார்கள். மகளுக்கு விஷயம் தெரிந்தது கடைக்காரி வாயால். அதற்கப்புறம் தோகியா தேவாலயத்துப் பக்கமே போகவில்லை.

வீட்டு முற்றத்திலேயே புதைத்தார்கள். சாவு விருந்தில், உதட்டில் பன்றிக்கொழுப்பு மினுங்க ஒருத்தி மோகாவை மெச்சினாள்: "நாத்தமே தெரியலையே, நல்லாத்தான் கட்டியிருக்கே!" இவர்கள் தின்று முடித்துத் தொலைந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

செயற்கைக்கோள் அறையைப் பார்த்துக்கொள்ளும் பௌலி வந்து நின்றான்.

"மோகாக்கா, எல்லாத் தீவும் துக்கம் விசாரிக்கக் காத்திருக்கு. வீட்டாளு ஒருத்தர் பதில் சொல்லணும். வராட்டி மரியாதையா இருக்காது."

போனாள்.

"டோங்கா பேசுறோம். தோகியாம்மாவுக்காக ஜெபம் பண்ணினோம். அந்தப் புழுவெல்லாம் கடைசியில போச்சா? ஓவர்."

"ராரோதொங்கா பேசுறோம். இங்கயும் ஒருத்திக்கு அதே புண்ணு. கட்டவிழ்க்கிறப்ப அவங்களுக்கும் அப்படித்தான் நாறுச்சா? ஓவர்."

பிணம் மண்ணுக்குள் போன பிறகும் இவர்கள் கட்டை அவிழ்க்கிறார்கள்.

பௌலி ஒலிவாங்கியை நீட்டினான். "இந்தப் பொத்தானை அழுத்திட்டுப் பேசுக்கா. முடிச்சதும் ஓவர்னு சொல்லி விட்டுடு. அப்பத்தான் அடுத்த தீவு பேசும்."

அழுத்தினாள். பேசவில்லை.

பௌலி அவள் காதருகே குனிந்து கிசுகிசுத்தான்.

"பேசுக்கா. இல்லன்னா கையை எடு. நீ அழுத்திட்டிருக்கிற வரைக்கும் ஒரு தீவும் வாயத் தொறக்க முடியாது."

மோகா மற்றக் கட்டைவிரலையும் பொத்தானின் மேல் வைத்து அழுத்தினாள்.