அப்பாவின் ரத்தம்

அப்பாவின் மார்பில் முழங்காலை ஊன்றி, அவருடைய இடது கையை இரு கைகளாலும் அழுத்திக்கொண்டிருந்தாள் துர்சுனை. டயாலிசிஸ் ஊசியை அவர் பிடுங்கி எறிந்திருந்தார். அவள் விரலிடுக்குகளில் ரத்தம் பீய்ச்சியடித்தது.

"திருட்டு நாயே! என் குதிரைய எங்க ஓட்டிட்டுப் போற?"

அவருடைய வலது முஷ்டி அவள் வாயில் இறங்கியது. உதடு கிழிந்தது. முப்பது வருடம் நரின் மலைப்பாதையில் லாரி ஓட்டிய கை. சிறுநீரகம் கெட்டு நான்கு வருடம், ஞாபகம் அழிந்து இரண்டு வருடம். கையின் பலம் மட்டும் குறையவில்லை.

"அப்பா, நான் துர்சுனை. உங்க பொண்ணுப்பா."

"எனக்கேது பொண்ணு?"

ஓடிவந்த நர்ஸையும் உதைத்தார். அடுத்த உதையில் வேகமில்லை. டாக்டர் வந்தபோது துர்சுனையின் கைகளுக்கடியில் எதுவும் துடிக்கவில்லை. அதன் பிறகும் அவள் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

வீட்டு முற்றத்தில் இழவுக்கூடாரம் எழும்பியது. பெண்கள் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். தையல் போட்ட உதட்டோடு அவளால் வாய் திறக்க முடியவில்லை. இழவு வழக்கப்படி வாசலில் கழியூன்றி அழுதுகொண்டிருந்த அண்ணன் எசென் அவளைக் கொட்டகைப் பக்கம் இழுத்துப் போனான்.

"கையக் கட்டித்தானே வச்சிருந்தாங்க? எவ அவுத்தா? அந்த நர்ஸ் கழுத்த நெரிக்கிறேன்."

"நான்தான்ணே அவுத்தேன். வலிக்குதுன்னு குழந்தை மாதிரி அழுதாரு."

கழி அவள் தோளில் இறங்கியது. இரண்டாவது அடியில் முறிந்தது.

"கொன்னுட்டியேடி!"

"கொல்லு, என்னையும் கொல்லு! அவர் கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு நாள் உக்காந்திருக்கியா நீ? பரம்பரை நோய், ரெண்டு பேரும் ரத்தத்தச் சோதிச்சுப் பாத்துக்கங்கன்னு டாக்டர் சீட்டு எழுதிக் குடுத்தாரே, அதக் கிழிச்சுப் போட்டவன்தானே!"

"நோய நாமளே போய் வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமா?"

அவள் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அவன் தள்ளாடி வைக்கோல் கட்டின் மேல் விழுந்தான். எழுந்திருக்கவில்லை. மூச்சிரைத்தபடி, காலை இறுக்கிய பூட்ஸை இழுத்து இழுத்துக் கழற்றினான்.

கணுக்கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது.

துர்சுனை மண்டியிட்டாள். கட்டைவிரலால் மெல்ல அழுத்தி எடுத்தாள். குழி விழுந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூடாரத்தில் ஒப்பாரி ஓய்ந்து, மறுபடி தொடங்கியது.

குழி மேடேறவில்லை.