சுண்ணாம்பு தொடாத சுவர்

கீழைவானம் வெளுத்தும் வெளுக்காததுமாய் நிற்க, மலையின் தோள்மேல் துயின்ற மூடுபனி எழுப்பியும் எழாத பிள்ளைபோற் புரண்டு புரண்டு பள்ளத்துள் இறங்க, ஓட்டுக்கூரைகள் ஒவ்வொன்றாய்ப் புகைவிடத் தொடங்கும் இளங்காலைப் பொழுதில், அச்சரிவுநகரின் மேலைத்தெருவை நோக்குவார் கண்ணில் முதற்கண் படுவது ஒரு சுவரே. பாலிற் கழுவினாற்போன்று, அண்டைவீடுகளெல்லாம் பழந்துணியெனத் தோன்றுமாறு ஒளிர்ந்து நின்ற அச்சுவரைக் கல்கல்லாய் எழுப்பியவரும், ஆண்டுதோறும் அதற்கு வெள்ளையடித்து மகிழ்பவரும் அவ்வீட்டுக்குரிய கொத்தனாரே. ஊரார் அவரை வெள்ளையார் என்றனர். அப்பெயர் ஆளுக்கன்று, சுவருக்கு.

அக்குடியில் முதன்முதற் கல்லூரி வாயில் மிதித்தவள் அவர்தம் ஒரே மகள். உள்ளத்திற் கனிவும் நாவில் நெருப்பும் உடையவள். இவற்றுள் நாவே எப்போதும் முந்திக்கொள்ளும். அவளது வீட்டுப் பேச்சுநடையைக் கேட்டு உடன்பயின்றோர் வாய்பொத்தி நகைத்த முதலாண்டில், அவள் ஓடி ஒளிந்தது கல்லூரித் தோட்டத்துக் காட்டுப்பூவரசின் அடியிலே. அங்கே அழுதாள் என்றெழுதினால் அவளுக்குப் பிடிக்காது. பற்களைக் கடித்துக்கொண்டு நின்றாள். செம்மணிகளைக் கொத்துக்கொத்தாய்க் கட்டித் தொங்கவிட்டாற்போற் பூத்திருந்த அப்புதர், ஏன் வந்தாய் என்று அவளை வினவாமல் நிழல் தந்தது. பட்டம் பெற்றபோது, தாழ்ந்த கிளையொன்றை மண்ணிற் பதியமிட்டு வேர்விடச் செய்து வளர்த்த கன்றையே, தன் கல்விக்குச் சான்றாக வீட்டிற்குக் கொணர்ந்தாள். காகிதச் சான்றிதழை அலமாரியிற் போட்டு மறந்தாள்.

பின்னர்த் தொலைவூரில் வேலைக்கான நேர்காணலுக்குச் சென்று, சில வாரம் அங்கே தங்கி அவள் மீள்வதற்குள், மகிழ்ச்சி தாளாத தந்தை அக்கன்றைத் தாமே நட்டுவிட்டார். பெயரில் பூவரசு இருந்ததே அனைத்திற்கும் வினையாயிற்று. பூவரசுக்குத் தோண்டுவதுபோல் ஆழக் குழிதோண்டி, தண்டு பாதி மறையப் புதைத்து, புழு அண்டாதிருக்கக் குழிநிறையச் சுண்ணாம்புக் காரை கொட்டி, எறும்பு ஏறாதிருக்க எஞ்சிய தண்டிலும் வெள்ளையடித்து, தம் பெருமையாகிய சுவரின் காலடியிலே அதனை நிறுத்தியிருந்தார். அன்பென்னும் பெயரால் அவ்வேழைக் கன்றுக்கு இழைக்கத் தீங்கு எதுவும் மிச்சமில்லை.

திரும்பிவந்து வாயிலில் நின்ற மகள், நரம்பு மட்டும் பச்சையாய் ஏனைய இடமெல்லாம் வெளிறிப்போன இலைகளைக் கண்டாள். பையைக் கீழே போட்டாள்.

"யாருப்பா இதுக்குக் காலுறை மாட்டிவிட்டது?"

"நல்லாயிருக்குல்ல?" என்றார் தந்தை, ஆவலோடு. "பூவரசுன்னு சொன்னியே, ஆழமா வெச்சாத்தான் காத்துக்குச் சாயாது."

"காட்டுப்பூவரசுப்பா! பேர்ல மட்டும்தான் பூவரசு, சொந்தபந்தம் ஒண்ணும் கிடையாது. இதுக்குப் புளிப்பு மண்ணு வேணும், வேர் மேலாகவே கிடக்கணும். சுண்ணாம்புதான் இதுக்கு விஷமே! கண்டதுக்கெல்லாம் வெள்ளையடிக்கிறது ஒண்ணுதான் உங்களுக்குத் தெரியும். இதையும் சுவருன்னு நினைச்சீங்களா?"

சொல் வெளிப்பட்ட பின்னரே அதன் கூர்மை அவளுக்குத் தெரிந்தது. வெடித்த விரல்களை வேட்டியில் துடைத்தபடி அவர் உள்ளே போய்விட்டார். அவ்விரல்களைச் சுண்ணாம்பு தின்றதனாலன்றோ அவள் நூல்களைத் தின்ன முடிந்தது என்பது அவளுக்கும் தெரியும்; தெரிந்ததனால் சினம் இருமடங்காயிற்று.

வாசற்படியில் அமர்ந்து காய்நறுக்கிய தாய் தலைநிமிராமலே, "ரெண்டும் ஒரே அச்சு. ஒண்ணு சுண்ணாம்பைக் கொட்டும், இன்னொண்ணு சொல்லைக் கொட்டும்" என்றாள்.

மகள் கன்றை மெல்ல அகழ்ந்து, மயிரிழைபோன்ற வேர்களை மழைநீரிற் கழுவி, கூடையில் மக்கிய இலைகளை நிரப்பி, அதில் ஊன்றி நிழலில் வைத்தாள். வேலையும் உறுதியாயிற்று. போகுமிடத்தில் தங்குவதற்கோ மண்ணே இல்லாத மூன்றாம் மாடியறை. ஆதலின் உயிர்போன்ற அக்கன்றை யாரை நம்பி விட்டுச்செல்வது என்னும் கவலை அவளை அரித்தது. "காலேஜ் தோட்டக்காரர்கிட்டயே திருப்பிக் குடுத்துடறேம்மா. இங்க விட்டா செத்துடும்" என்று அடுக்களையில் அவள் உரைத்தது, அடுத்த அறையில் படுத்திருந்தவர் செவியிலும் விழுந்தது.

மறுநாட் காலை கூடையைத் தூக்க வந்தவள், கூடையைக் காணாமல் கொல்லைப்புறம் ஓடினாள். அங்கே, ஊசியிலை மரங்கள் ஆண்டாண்டாய் உதிர்த்த சருகு மெத்தைபோற் கிடந்த மூலையில், சாந்தின்றிக் கல்லோடு கல்லைப் பொருத்தி, வட்டமாய்த் தாழ்சுவர் ஒன்றை அடுக்கிக்கொண்டிருந்தார் தந்தை. கூடையிலிருந்த கன்று தீண்டப்படாமல் அருகே இருந்தது. கூரைநீர் விழுமிடத்தில் புதிதாய் ஒரு தொட்டி.

"பக்கத்துல வா, பரவாயில்ல. எலுமிச்சம்பழம் தேச்சுத் தேச்சுச் சுண்ணாம்பு போகக் கையக் கழுவிட்டேன். வேணும்னா மோந்து பாரு."

அவள் வாய் திறந்தாள். வாழ்வில் முதன்முறையாக நா முந்தவில்லை.

"சாந்து வெக்காமக் கல்லு அடுக்குறது இதுதான் முதல் தடவை. கை சும்மா சும்மா சாந்துச் சட்டியத் தேடுது" என்று சிரித்த அவர், பின்னர்க் கேட்டார்: "நடுறது நீயே நடு. தண்ணி எவ்வளவு, எப்பன்னு மட்டும் சொல்லிட்டுப் போ. இந்தத் தடவை கேட்டுக்கிறேன்."

"அன்னிக்கு நான் சொன்னது..."

"சரியாத்தானே சொன்னே. கொஞ்சம் சத்தமாச் சொல்லிட்டே."

அவள் கன்றை நட்டாள். வேர் மூடச் சருகைப் பரப்பினாள். தோட்டக்காரரிடம் போகவில்லை.

குளிர் கழிந்து, விடுமுறைக்கு அவள் மீண்டபோது, தெருமுனையிலேயே ஏதோ பிறழ்ந்திருப்பதை உணர்ந்தாள். வெள்ளையார் வீட்டுச் சுவர் வெள்ளையாயில்லை. மழை வடித்த கருங்கோடுகளும், அடியிற் பசும்பாசியுமாய், அண்டைவீட்டுச் சுவர்களுள் ஒன்றாய் அது நின்றது.

"ஏன் வெள்ளையடிக்கலன்னு ஊரே கேக்குது" என்றாள் தாய். "அடிச்சா, காத்துல சுண்ணாம்பு பறந்து கொல்லைச் செடிக்குப் போயிடுமாம். வீட்டுக்குள்ளயே சுண்ணாம்பு வரக்கூடாதுன்னுட்டார். உங்கப்பாவுக்கு முத்திடுச்சு."

கொல்லைப்புறத்தில், சாந்தறியா அக்கல்வட்டத்தின் நடுவே, கரும்பச்சை இலைகள் ஏந்தி நீட்ட, ஒரே ஒரு செங்கொத்து மலர்ந்திருந்தது. அதன்முன் குந்தியிருந்த தந்தை, அவளை ஏறிட்டு நோக்கி, ஆசிரியர்முன் விடையெழுதிக் காட்டிய மாணவனைப்போல் காத்திருந்தார்.

அவள் அவர் கையைப் பற்றி முகர்ந்தாள். எலுமிச்சை மணத்தது.

கொடுக்கத் தெரிந்தோர் உலகிற் பலர். எதனைக் கொடாதிருக்க வேண்டும் என்று கேட்டறிந்து, தாம் பெருமையெனக் கொண்டதையே கையிலிருந்து கழுவிவிடுவோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவருக்கு மகளாய்ப் பிறந்தவள், அந்திப்பொழுது முழுவதும் அந்நரைத்த சுவரில் முதுகு சாய்த்து அமர்ந்திருந்தாள்.