பன்னிரண்டு புள்ளி பத்து

பத்து மணிக்குக் கோடு கீழே இறங்கியதைப் பார்த்ததும் மிருதுளா எழுந்து போய் இன்னொரு டம்ளர் காபி கலந்துகொண்டு வந்தாள். அவ்வளவு நிம்மதி. விடிந்ததிலிருந்து பீர்க்கன்கரணை ஏரியின் நீர்மட்டம் அவளுடைய லேப்டாப்பில் ஏறிக்கொண்டே இருந்தது. இப்போதுதான் முதல் முறையாகத் தலை கவிழ்ந்திருக்கிறது.

அந்த வரைபடம் அவள் கைவேலை. பதினான்கு வருஷ ஐ.டி. அனுபவம். புயல் சின்னம் உருவானதாகச் செய்தி வந்த அன்றைக்கே குடியிருப்போர் சங்கச் செயலாளர் சாம்பசிவன், "நீங்க இருக்கும்போது நமக்கென்னம்மா கவலை" என்று ஒரு பிடி ஐஸ் வைத்துவிட்டுப் போனார். ஐஸ் நன்றாகவே வேலை செய்தது. ஏரிக்கரையில் குடியிருக்கும் டைல்ஸ் மேஸ்திரி முனீர் பாய் மணிக்கொரு தரம், ஏரி நிரம்பினால் தண்ணீர் வழியும் கலங்கல் சுவரில் பெயின்ட் அடித்திருக்கும் அளவைப் பார்த்து, போனில் ஒரு பட்டியலில் எண்ணைப் போடுவார். மிருதுளாவின் பைத்தான் புரோகிராம் அதை எடுத்துக் கோடு வரைந்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று கணக்குப் பார்த்து, சங்கத்து வாட்ஸப் குழுவில் தானே செய்தியும் போட்டுவிடும். ஏரி பதிமூன்று அடியைத் தொட்டால் தண்ணீர் கலங்கலைத் தாண்டிக் கடைசித் தெருவுக்குள் வரும்.

கடைசித் தெருவில், தரைத் தளத்தில் ஷபீனா இருந்தாள். பெருங்களத்தூரிலிருந்து பத்து வருஷமாக ஒரே ரயில், ஒரே லேடீஸ் பெட்டி, ஒரே டிபன் பாக்ஸ் என்று மிருதுளாவோடு பழகியவள். எட்டு நாளுக்கு முன்புதான் ஆபரேஷன் செய்து ஆண் குழந்தை. பத்தேகாலுக்கு அவளிடமிருந்து போன் வந்தது.

"மிருது, அக்கா வீட்டுக்குப் போயிடலாம்னு அம்மா சொல்லுது. மூணாவது மாடி, பயமில்ல. ஆட்டோ வாசல்ல நிக்குது. போயிடவா?"

"எதுக்குடி? பச்சைத் தையலோட ஜி.எஸ்.டி. ரோட்டுல குலுங்கிக்கிட்டு? எறங்க ஆரம்பிச்சாச்சு. ஒரே மணி நேரத்துல முக்கால் அடிக்கு மேல எறங்கியிருக்கு. நிம்மதியா படு."

"நிச்சயமா?"

"கிராஃப் என் முன்னாடி இருக்கு, ஷபி."

ஆட்டோ திரும்பிப் போயிற்று. ஷபீனாவின் கணவன் அய்மானும் தைரியமாகத் தாம்பரத்தில் இருக்கும் தன் கடையைத் திறக்கக் கிளம்பிவிட்டான். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போயிற்று என்பார்கள். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருக்கும்போது ஏரி மட்டும் எப்படி ஒரு மணி நேரத்தில் முக்கால் அடி வற்றும் என்று மிருதுளாவுக்குத் தோன்றவே இல்லை. நல்ல சேதியை யார் உரசிப் பார்க்கிறார்கள்?

பதினோரு மணிக்கும் கோடு கீழேயே படுத்திருந்தது. பன்னிரண்டு மணிக்குத்தான் வம்பு வந்தது. கடைசிப் புள்ளி திடீரென்று வரைபடத்தின் உச்சிக்குத் தாவி நின்றது. பதிமூன்று.

"பாய் எதையோ தட்டிட்டார்" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். பன்னிரண்டே சொச்சத்திலிருந்து ஒரே எட்டில் பதிமூன்றா? புரோகிராமைத் திறந்து ஒரு வரி சேர்த்தாள். ஒரு மணி நேரத்தில் அரையடிக்கு மேல் ஏறும் எந்த எண்ணையும் பிழை என்று ஒதுக்கிவிடு. மறுபடி ஓட்டினாள். கோடு சமர்த்தாகக் கீழே படுத்துக்கொண்டது. இத்தனைக்கும் அதைவிடப் பெரிய இறக்கம் ஒன்று அதே திரையில் கண்ணெதிரே இருந்தது. ஏற்றத்தை மட்டும் சந்தேகப்பட்டவள் இறக்கத்தை ஏன் விட்டாள் என்று பிற்பாடு பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள்.

பன்னிரண்டரைக்கு, அடுத்த முறையாவது பார்த்துப் போடச் சொல்லலாம் என்று முனீர் பாயைக் கூப்பிட்டாள்.

"பாய், பன்னெண்டு மணி ரீடிங் தப்பா போட்டிருக்கீங்க. பதிமூணுன்னு இருக்கு."

"தப்பில்லம்மா. பதிமூணுதான். கலங்கல் மேல வழியுது."

"அதெப்படி? பத்து மணிக்கே பன்னெண்டு புள்ளி ஒண்ணுக்கு வந்துடுச்சே?"

"ஒண்ணா? நான் பத்து இல்ல போட்டேன். ஒம்போது மணிக்குப் பன்னெண்டடி ஒம்போது இன்ச்சு. அப்புறம் பத்து இன்ச்சு. அப்புறம் பதினொண்ணு. இப்ப பதிமூணடி. மணிக்கு ஒரு இன்ச்சா ஏறிகினே கீதும்மா."

மிருதுளா பட்டியலைப் பார்த்தாள். 12.9. 12.10. 12.11. 13.

அளவு எடுத்தே பழகிய மேஸ்திரியின் கை அது. அடியை எழுதி, புள்ளி வைத்து, அங்குலத்தை எழுதும். ஊரில் எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அவளுடைய கணவன் ஷ்யாம்சுந்தரின் கல்யாண பயோடேட்டாவில் உயரம் 5.10 என்றுதான் இருந்தது. ஐந்தடி பத்தங்குலம் என்று வீடே படித்தது. 5.9 அதைவிட உயரம் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் கைகொட்டிச் சிரித்திருப்பாள். கம்ப்யூட்டருக்கு அந்தப் புள்ளி தசமப் புள்ளி. பன்னிரண்டு புள்ளி பத்து என்றால் அதற்குப் பன்னிரண்டு புள்ளி ஒன்று. நேற்று முழுக்க ஏரி பன்னிரண்டடி ஆறு அங்குலத்தைத் தாண்டவில்லை, அதனால் இந்தக் கோளாறு தலைகாட்டவே இல்லை.

"ஏன் பாய் சொல்லல?" என்றாள். "குரூப்புல எறங்குதுன்னு வந்துச்சே, பாத்தீங்கல்ல?"

"பாத்தேம்மா. நமக்கு ஏறுற மாதிரிதான் தெரிஞ்சுது. ஆனா கம்ப்யூட்டர் சொல்லுதே, மதகு ஷட்டர் தொறந்துட்டாங்க போல, அதுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சுகினேன்."

ஏரியைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்ற மனுஷன், இரண்டு தெரு தள்ளி மாடியில் காபி குடித்துக்கொண்டிருந்தவளை நம்பியிருக்கிறார். மிருதுளா "பாய், ஷபீனா! பச்சை உடம்புக்காரி!" என்று கத்திவிட்டு, செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

கடைசித் தெரு முனையிலேயே தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. ஷபீனா வீட்டு வாசலில் தொடைக்கு வந்தது. சாக்கடையும் ஏரியும் கலந்த கறுப்புத் தண்ணீர். வெளிப்புற மாடிப்படியில், ஐந்தாவது படியில் ஷபீனா சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அதற்கு மேல் அவளால் ஏற முடியவில்லை. நைட்டி இடுப்புவரை கறுத்திருந்தது. அவளுக்குப் பின்னால் அவளுடைய அம்மா பரிதா, துண்டில் சுற்றிய குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். மிருதுளாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தூங்கிட்டேன்டி. நீ படுன்னு சொன்னியே" என்றாள் ஷபீனா. குளிரில் பற்கள் தந்தியடித்தன. "எழுந்து பாத்தா கட்டிலுக்குக் கீழ தண்ணி. தையல் முழுக்க நனைஞ்சுடுச்சு."

மிருதுளாவுக்கு மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்தது, ஆனால் அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

முனீர் பாய் தன் ஆள் ஒருவனோடு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஷபீனாவை அதில் உட்காரவைத்துத் தூக்கும்போது மணி ஒன்று. மிருதுளாவின் போனும் ஷபீனாவின் போனும் ஒன்றாகக் கூவின. ஷபீனா தன் போனைப் பார்த்துச் சத்தமாகப் படித்தாள்.

"'நீர்மட்டம் 12.11. இறங்குமுகம். அபாயம் இல்லை. யாரும் வெளியேறத் தேவையில்லை.'" நிமிர்ந்து பார்த்தாள். "இப்பவுமா மிருது?"

தானே போடும் செய்தி. அவள் பன்னிரண்டு மணிக்குச் சேர்த்த வரி, பதிமூன்றைத் தூக்கி எறிந்துவிட்டுப் பழைய எண்ணை எடுத்துப் போட்டிருக்கிறது. அதற்குள் சாம்பசிவன் கும்பிடும் கை ஒன்று போட்டிருந்தார். கீழே வரிசையாக இன்னும் நான்கு கும்பிடு.

நனைந்த விரலால் நான்கு முறை அழுத்திய பிறகுதான் குரல் பதிவு ஓடியது. "நான் மிருதுளா பேசறேன். என் கணக்கு தப்பு. தண்ணி ஏறுது. எல்லாரும் உடனே மேல போங்க."

"அத எவ்ளோ பேர் கேப்பாங்க? பாத்தவங்க பாத்ததுதான்" என்றாள் நாற்காலியில் இருந்த ஷபீனா. "எங்களை பாய் பாத்துப்பார். நீ போய் ஒவ்வொரு கதவா தட்டு."

மிருதுளா தட்டினாள். முதல் வீடு பூட்டியிருந்தது. இரண்டாவது வீட்டில் ஆட்கள் ஏற்கெனவே மொட்டை மாடியில் நின்றார்கள். மூன்றாவது, ரிட்டயர்டு தலைமையாசிரியர் லோகநாதன் வீடு. கதவு திறந்தே கிடந்தது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கும் ஹாலில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவர் ஒரு பக்கெட்டால் மொண்டு மொண்டு ஜன்னல் வழியாக வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். ஸ்டூல்மேல் இருந்த அவருடைய போன் இன்னும் வெளிச்சமாக இருந்தது.

அவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வாங்க மேடம். இப்பதான் உங்க மெசேஜ் பாத்தோம். நல்லவேளை, எறங்குதாமே?"